பதினாறு ஆம்பியர்

ரக்வெரேயில், ரயில்பாதைக்குப் பின்னால்,
நாற்பத்தோரு கராஜ்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன.
சுவர்கள் பொது. மின்சாரமும் பொது:
வரிசைக்கு ஒரே கம்பி, பதினாறு ஆம்பியர்.
எனக்குப் பத்தொன்பது.
இருபதில் வம்போலா, அவருடைய உறைபெட்டி,
அதற்குள் கால்வாசி எல்க் மான்.

லாரி வைப்பர் மோட்டார் இரண்டு,
பிறர் கண்ணாடியின் மழையைத் துடைத்தே தேய்ந்தவை.
பேருந்து ஓட்டுநரின் இருக்கை ஒன்று;
அதன் பஞ்சில் முகம் தெரியாத ஒருவரின் இடுப்பு
இன்னும் பள்ளமாக உட்கார்ந்திருக்கிறது.
கீழே லாடா காரின் குறுக்கு மூட்டு.
எதற்கு என்று பணிமனையில் கேட்டார்கள்.
நல்ல காரணம் ஏதும் கைவசமில்லை.
ராலி ஓட்ட ஆசை, காசில்லை,
மோதினால் மரத்துக்கும் வலிக்கக் கூடாது.

இது எங்கும் போகிற வண்டியில்லை.
பாய்ச்சல் என்றால் என்னைப் பின்னால் சாய்க்கும்.
பூமி இழுப்பதை வேகம் என்று
முதுகிடம் சொல்லும். முதுகு நம்பிவிடும்.
பிறகு, உட்செவிக்கு எட்டாத மெதுவில்,
கடன் கொடுத்தவன் கடையைத் தாண்டுகிறவன்போல,
ஓசையில்லாமல் நடுவுக்கு நழுவும்.
அடுத்த பொய்க்கு இடம் வேண்டுமே.

முதலில் ஏறியது உருளைக்கிழங்கு.
என் எடைக்கு இரண்டு மூட்டை,
வார் போட்டு, மேலே தலைக்கவசம் வைத்து.
ஒரு கம்பி இடம் மாறியிருந்தது:
இடப்பக்கம் சாய்ந்ததைத் திருத்தச் சொன்னால்
இன்னும் இடம், இன்னும் இடம்.
சிவப்புக் குமிழை நான் எட்டி அடிப்பதற்குள்
தரையெங்கும் கிழங்கு.
அன்றே அந்தக் குமிழை
இருக்கையின் கைப்பிடிக்கு மாற்றினேன்.

மின்சாரத்தை மூடிய அலுவலகத்தில் வாங்கினேன்:
சர்வர்களின் பவர் சப்ளை, ஜோடி ஐந்து யூரோ.
பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு.
மேலே உள்ளதன் உடம்பு மண்ணைத் தொடாதபடி
ரப்பர் பாயில் படுக்க வைத்தேன்.
இரண்டையும் ஒன்றாக எழுப்பினேன், ஹீட்டரும் எரிய.
நாற்பத்தோரு கராஜும் இருண்டன.

டார்ச்சோடு வம்போலா.
"லீவி, இன்னொரு தடவை இருட்டினால்
இந்த மானை நீதான் தின்று முடிக்க வேண்டும்.
எலும்போடு."

அதன்பின் ஒவ்வொன்றாக எழுப்பினேன்,
ஒன்றுக்கு மூச்சு வந்த பிறகு மற்றது.
ஹீட்டரை அணைத்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
ஸ்பானரைப் பற்றினால் விரல் ஒட்டியது.

ஆனாலும் ஒவ்வொரு வளைவின் நடுவிலும் செத்தது.
பாயும்போதெல்லாம் சரி; நிற்கச் சொன்னால்தான் சாவு.
மூன்று இரவு கம்பிகளைச் சந்தேகித்தேன்.
பிறகுதான் உறைத்தது:
நிறுத்தப்படும் மோட்டார் சும்மா நிற்பதில்லை,
அந்த நொடி அது டைனமோ.
வாங்கியதில் மிச்சத்தை வந்த வழியே தள்ளுகிறது.
பவர் சப்ளை கொடுத்தே பழகியது,
வாங்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொள்கிறது.

மிச்சத்தை எங்கேனும் கொட்ட வேண்டும்.
சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தவர்போல
வம்போலா பழைய மின்அடுப்பின் கம்பிச்சுருளைக்
கொண்டுவந்து மேசையில் போட்டார்.
ஆறாக வெட்டி, பக்கம் பக்கமாகப் பிணைத்து,
செங்கல்மேல் கிடத்தினேன்.

பிப்ரவரி எட்டு. கிழங்கில்லை, நான்.
ஜல்லிச்சாலை, பைன் மரங்கள், திரையில் வெயில்.
மூன்றாம் கியரில் வலது வளைவு,
பிரேக்.
சாகவில்லை.
செங்கல்மேல் சுருள் மட்டும்
மங்கலாக ஒரு தடவை சிவந்தது.

வம்போலாவும் ஒருமுறை ஏறினார்.
நான்காவது திருப்பத்தில் குமிழை அடித்து இறங்கி
கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.
"நான் எங்கும் போகவில்லை என்று தெரியும்," என்றார்.
"வயிற்றுக்குத்தான் யாரும் சொல்லவில்லை."

இப்போது மாலைகளில் வருகிறார்.
ஈரக் கையுறைகளைச் சுருளுக்கு மேலே,
ஆணியில் மாட்டுகிறார்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒரு பந்தயம் முழுக்கப் பிரேக் மிதித்தாலும்
ஒரு கட்டைவிரல்கூடக் காயாது.
சொல்லவில்லை.
வளைவுகளில் தேவைக்குச் சற்று அதிகமாகவே
மிதிக்கிறேன்.
நேரம்தான் வீணாகிறது.